மீதிப் பொட்டலம்

நான் வேலையை விட்டு நின்ற அன்று கடையில் கேக் வாங்கி வெட்டினார்கள். ஊர் ஊராகப் போய் மீன் தொட்டி கழுவியவனுக்குக் கேக் எதற்கு என்று எனக்கே சிரிப்பாக இருந்தது. இப்போது அந்த வேலையைப் பார்க்கிற இளைஞர்கள் என்னைப் போல நடித்துக் காட்டினார்கள். ஒருவன் ரப்பர் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூன் போட்டு நடந்து வந்து, இல்லாத கதவைத் தட்டி, "தொட்டியில இன்னா போட்டீங்க?" என்று கேட்டான். பிறகு குரலை இறக்கி, "மீதி எங்க கீது?" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி காதர் பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"பாசி வந்தா இன்னா போட்டீங்கன்னு கேக்கறது சரிண்ணா. மீதி எதுக்கு?" என்று பிறகு கேட்டார்கள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கேக் தின்றுகொண்டே கேட்கிற விஷயமில்லை அது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பெரிய பயந்தாங்கொள்ளி. நாய் என்றால் பயம், கண்ணாடி என்றால் பயம், கரண்ட் என்றால் பயம். இந்த மூன்றும் இல்லாத மீன் தொட்டி வீட்டை நான் பார்த்ததே இல்லை. இப்படிப்பட்டவன் இந்த வேலைக்கு வந்தது வண்டி ஓட்டத் தெரிந்ததால்தான். பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காதர் பாய் வண்ண மீன் கடை போட்டபோது, சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து மீன் பைகளை ஏற்றி வர ஓர் ஆள் தேவைப்பட்டது. பை உடையாமல், வண்டி குலுங்காமல் ஓட்ட வேண்டும். நான் எப்போதுமே பயந்து பயந்துதான் ஓட்டுவேன். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில் வாளியும் குழாயும் என் கைக்கு வந்தன.

பாய் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். என்னை "ஏகாம்பரம்ணா" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வேலை விஷயத்தில் அண்ணன், தம்பி எல்லாம் கிடையாது. வாடிக்கையாளர் வீட்டுக்குள் நுழைந்தால் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் நிற்பார். பேச மாட்டார். தண்ணீரைப் பார்ப்பார், மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பார், மீன் எந்த உயரத்தில் நீந்துகிறது என்று பார்ப்பார். வீட்டுக்காரர் காபி கொண்டுவந்து நீட்டினாலும் திரும்ப மாட்டார். அப்புறம் மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "தொட்டியில இன்னா போட்டீங்க?"

என்ன பதில் வந்தாலும் அவர் முகம் மாறாது. ஒரு வீட்டில் விபூதி போட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் மஞ்சள் தூள். ஒரு துணிக்கடை முதலாளி, மீனுக்கு உடம்பு சூடாக இருக்கிறது என்று இளநீர் ஊற்றியிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே வந்ததும் பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சிரிச்சீங்கன்னா அடுத்த தபா மறைப்பாங்கண்ணா. மறைச்சா நமக்குத்தான் பேஜார்" என்றார். அதோடு சரி, நான் எந்த வீட்டிலும் சிரித்ததில்லை.

தொட்டிகள் கிளினிக், நகைக்கடை என்று ஆரம்பித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு கிராமத்து வீடுகளுக்குள்ளும் நுழைந்தன. பிள்ளை வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் ஃபேன் வாங்குவான், டி.வி. வாங்குவான், அடுத்தது இரண்டடி மீன் தொட்டி. தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று அதை ஜன்னல் ஓரமாக வைப்பார்கள். காலை வெயில் நேராக அதில் விழும். அது போதாதென்று தொட்டி விளக்கு நாள் முழுவதும் எரியும். வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பிடி பொரி போடுவார். இவ்வளவையும் செய்துவிட்டு, "பாசி ஏன்பா வருது?" என்று என்னைக் கேட்பார்கள்.

பாசியில் பல தினுசு உண்டு. புதுத் தொட்டியில் கண்ணாடியில் பழுப்பாகப் படிவது தானே போய்விடும். கண்ணாடியில் பச்சைப் புள்ளி வைப்பதை பிளேடால் சுரண்டலாம். முடி மாதிரி தொங்குவதைக் குச்சியில் சுற்றி எடுக்கலாம். பொல்லாதது பச்சைத் தண்ணீர்தான். தண்ணீரே பச்சையாகி, உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அதற்கு வைத்தியம் பொறுமை. விளக்கை அணைக்க வேண்டும். தொட்டியைச் சுற்றிக் கெட்டித் துணி போட்டு வெளிச்சம் படாமல் மூட வேண்டும். தீனியைக் குறைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் எடுத்து, ஒரு நாள் வாளியில் வைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். இப்படியே வாரக் கணக்கில் செய்தால் தெளியும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிப் பளபளவென்று கழுவி வைத்தால் தொட்டி அழகாக இருக்கும், மீன் மிதக்கும்.

தண்ணீரை எடுப்பது குழாயால். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினால் தண்ணீர் இறங்கி வரும். உதட்டுக்கு வருவதற்குள் குழாயை வாளியில் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் ஒரு வாய் மீன் கழுவிய தண்ணீர் உள்ளே போகும். இதில் பாய்க்குக் கோபம். குழாய் முழுவதும் தண்ணீர் பிடித்து, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு வந்து தொட்டியில் விட வேண்டும் என்பார். "வாய வெக்காதீங்கண்ணா, அது தண்ணியா இன்னான்னு யாருக்குத் தெரியும்" என்று சொல்லாத நாளில்லை. எனக்கு அந்தக் கட்டைவிரல் வித்தை கைவரவில்லை. பாதி வழியில் காற்று புகுந்துவிடும். ஆகவே அவர் இருந்தால் கட்டைவிரல், இல்லாவிட்டால் வாய்.

கரண்ட் பயம் எனக்கு வீணாக வரவில்லை. ஒரு கிளினிக் தொட்டியில் கையை விட்டபோது மோட்டார் ஒயர் தோல் உரிந்திருந்தது. கை உள்ளேயே ஒட்டிக்கொண்டது. கத்தக்கூட வரவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் நான் மீன் பிடிக்கிறேன் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் வந்து செருப்பால் பிளக்கைத் தட்டிவிட்டார். அன்று முதல் பிளக்கைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் தண்ணீரைத் தொடுவேன். இதெல்லாம் என் உயிருக்கு மட்டும் வந்த பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று தெய்வசிகாமணி வீட்டில் காத்திருந்தது.

தெய்வசிகாமணி உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகிற சாலையில், உள்ளே பிரிந்து போகிற ஒரு கிராமத்தில் பெரிய விவசாயி. ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் போட்டிருந்தார். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவரிடம் வந்து கேட்டுப் போவார்கள். அவர் மகன் கம்பெனியில் ஷிப்டு வேலை. அவன்தான் தன் குழந்தைக்காகத் தொட்டி வாங்கி வைத்தான். குழந்தையின் பெயர் பவித்ரா. பேச்சு வந்து, பள்ளிக்கூடம் போகாத வயது. நான் போகும்போதெல்லாம் என் குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "பாம்பு, பாம்பு" என்று பின்னாலேயே வருவாள்.

அந்தத் தொட்டி பச்சைத் தண்ணீராகிவிட்டது. துணி போட்டு மூடி, விளக்கை அணைத்து, பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் கடைக்குப் போன் வந்தது. "மீன் ஒரு மாரியா கீதுபா, வந்து பாரு" என்றார் தெய்வசிகாமணி. பாய்க்குக் கடையில் வேலை இருந்ததால் நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

துணியை எடுத்திருந்தார்கள். பாசி தின்பதற்காக விட்டிருந்த சக்கர் மீன் அடியில் மல்லாந்து கிடந்தது. தங்க மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உடம்பெல்லாம் வழவழவென்று சளி மாதிரி. தண்ணீர் பச்சைதான், ஆனால் பாலைக் கலந்ததுபோல் ஒரு மங்கல். மூடியைத் தூக்கி மோந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"ஐயா, தொட்டியில இன்னா போட்டீங்க?"

"ஒண்ணும் போடல" என்றார். ஈசிசேரில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ குடுத்த தீனிதான் போட்டோம். அதுல இன்னா கீதோ."

உள்ளறையில் அவர் மருமகள் மல்லிகா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். குழந்தை முனகியது. "இன்னாமா, பாம்புன்னு வரலியே இன்னிக்கி?" என்று கேட்டேன்.

"காலைலேருந்து வாந்திண்ணா. நேத்து பொரிய வாரி வாரித் துன்னா. அஜீரணம் போலக்கீது" என்றாள்.

நான் பிளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டேன். குழாயைத் தொட்டியில் விட்டேன். பாய் பக்கத்தில் இல்லை. மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். அன்று கொஞ்சம் தாமதமாகிவிட்டது, தண்ணீர் நாக்கில் பட்டது.

துப்பினேன். மறுபடியும் துப்பினேன். களிம்பேறிய செப்புக் காசை வாயில் போட்டுச் சப்பியதுபோல் இருந்தது. நாக்கு சுருங்கியது. இந்த ருசி எனக்குத் தெரியும். மீன் மேல் வெள்ளைப் புள்ளி விழுந்தால் போடுகிற நீல மருந்து எங்கள் கடையில் உண்டு. ஒருமுறை அது கையில் கொட்டி, சரியாகக் கழுவாமல் அதே கையால் பீடி பிடித்தேன். அன்று பட்ட ருசி இதுதான். ஆனால் அந்த மருந்தைச் சொட்டுக் கணக்கில்தான் விடுவோம். இது நாக்கைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு இருந்தது.

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். மல்லிகா எதிரில் நின்றாள். சந்தன நிறப் புடவை. தோள் பக்கம், குழந்தை வாய் வைத்திருந்த இடத்தில், கறை. அது நீலமும் பச்சையுமாக இருந்தது.

"இன்னாமா அது, பொடவையில?"

"பாப்பா எடுத்த வாந்திண்ணா. ஏதோ கலர் முட்டாய் துன்னிருப்பா."

கையிலிருந்த குழாய் தரையில் விழுந்து தண்ணீர் ஓடியது. அதை எடுக்கவும் தோன்றவில்லை. "ஐயா, தொட்டியில இன்னா போட்டீங்க சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டில் அப்படி யாரும் அவரிடம் கத்தியிருக்க மாட்டார்கள்.

அவர் பேப்பரை மடித்தார். "இன்னாபா சத்தம் போட்ற? ஒண்ணும் போடலன்னு சொல்றேன்ல."

அவர் மறைக்கிறார் என்று அப்போதே தெரிந்தது. கண் தொட்டிப் பக்கம் போய்த் திரும்பியது. பாய் சொன்னது ஞாபகம் வந்தது. குரலைக் கஷ்டப்பட்டு இறக்கினேன். "மீன் போனா போவட்டும்யா. யார் மேலயும் குத்தம் இல்ல. கொயந்தைக்கு வாந்தி நீலமா வருது. தொட்டித் தண்ணியில செம்பு ருசி கீது. அதுக்காவத்தான் கேக்கறேன்."

அவர் எழுந்தார். பின்கட்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா, அவருடைய வயலில் வேலை செய்கிறவள், கையில் சாம்பலோடு வந்து நின்றாள். "அந்த முடிச்ச நாந்தாண்ணா காலைல எடுத்துப் போட்டேன். அய்யாதான் எடுக்கச் சொன்னாரு. நாத்தங்கால் மடையில கட்டுவோமே, அந்த முடிச்சு."

அதற்குமேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் பாசி படர்ந்தால் எங்கள் பக்கத்தில் மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பைத் துணியில் முடிந்து மடைவாயில் போடுவார்கள். தண்ணீர் அதன்மேல் ஓடி வயலுக்குள் போகும். பாசி செத்துவிடும். பயிருக்கு ஒன்றும் ஆகாது. வருஷக் கணக்காக அவர் செய்து பலன் கண்ட வைத்தியம். நான் சொன்ன பொறுமை அவருக்குப் பொறுக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் முடிச்சைத் தொட்டியில் தொங்கவிட்டிருக்கிறார். காலையில் மீன் சாகிறது. ஊருக்கே மருந்து சொல்கிறவர், மீன் தொட்டிக்காரனிடம் எப்படிச் சொல்வார்? முடிச்சை எடுக்கச் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்திருக்கிறார்.

"கொஞ்சந்தாம்பா போட்டேன்" என்றார். "ஒரு புடி கூட இல்ல. பாப்பா தொட்டியத் தொடவே இல்ல, அவளுக்கு எட்டாது."

"மீதி எங்க?" என்றேன். என் வாழ்நாளில் அந்தக் கேள்வியை முதல்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

தொட்டி வைத்திருந்த ஸ்டாண்டின் கீழ்த்தட்டைக் காட்டினார். பூப்போட்ட துணித் திரை தொங்கியது. நான் குனிவதற்குள் அவரே முட்டி போட்டுத் திரையைத் தூக்கினார். பேப்பர்ப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. நீலக் கட்டிகள் சிதறியிருந்தன. பெரிய கற்கண்டு மாதிரி, பார்க்க அவ்வளவு அழகு. ஒன்று மட்டும் பளபளப்புப் போய், எச்சில் ஈரத்தோடு இருந்தது. அதைக் கையில் எடுத்த தெய்வசிகாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மல்லிகா அலறினாள். "புளித்தண்ணி கரைச்சிக் குடு, வெளிய வந்துடும், வாந்தி எடுக்க வையி" என்று அவர் தரையிலிருந்தே கத்தினார். அவள் சமையலறைக்கு ஓடினாள். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. தெரியாதபோது எனக்குத் தெரிந்த ஒரே வழி பாயைக் கேட்பது. கூடத்தில் இருந்த போனில் நம்பரைச் சுழற்றினேன். இரண்டு தடவை தப்பாகப் போயிற்று.

"பாய், தொட்டியில மயில்துத்தம். கொயந்த துன்னிருக்குது."

"இருங்க" என்றார் பாய். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அதே மயில்துத்தம் கலந்த எங்கள் நீல மருந்தின் பாட்டிலை எடுத்து, அதில் பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்த நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது. "வாந்தி எடுக்க வெக்கக் கூடாதாம். வாய்ல எதயும் ஊத்தாதீங்க. ஒடனே டாக்டர்னு போட்டுக்கீது. பொட்டலத்த கையோட எடுத்துக்கோங்கண்ணா. போனை வைங்க, கெளம்புங்க."

நான் ஓடிப்போய்ப் புளித்தண்ணீர்ச் சொம்பை மல்லிகா கையிலிருந்து தட்டிவிட்டேன். கன்னியம்மா சிதறிய கட்டிகளைப் பேப்பரோடு வாரி முந்தானையில் முடிந்துகொண்டாள். வண்டியில் மீன் வாளிகளுக்கு நடுவில் அவளும் மல்லிகாவும் குழந்தையோடு உட்கார்ந்தார்கள். தெய்வசிகாமணி முன்சீட்டில் ஏறினார். செருப்புப் போடவில்லை.

அது அறுவடைக் காலம். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். சாதாரணமாக நான் இறங்கி, "கொஞ்சம் ஒதுக்குங்கமா" என்று கெஞ்சிவிட்டுத்தான் போவேன். அன்று நெல்மேலேயே ஓட்டினேன். பின்னாலிருந்து திட்டு வந்தது. முன்சீட்டில் இருப்பவரைப் பார்த்ததும் திட்டியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். என் வாயில் செம்பு ருசி போகவே இல்லை. வயிறு பிசைந்தது. நானும் சாகப்போகிறேன், அதற்குள் இவர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

"அண்ணா, பாப்பா கண்ண மூடுறா" என்றாள் மல்லிகா.

"பேச்சுக் குடுமா. தூங்க வுடாத."

கன்னியம்மா வாளிப் பக்கமிருந்த என் குழாயை எடுத்துக் குழந்தை முன்னால் ஆட்டினாள். "பாம்பு பாரு கண்ணு, பாம்பு" என்றாள். குழந்தை கையை நீட்டவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அதைப் பார்த்ததும் எனக்கு ரோடு மங்கியது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். என்ன, எது என்று நாங்கள் உளறியதை நிறுத்தி, "என்ன சாப்பிட்டா, அதக் காட்டுங்க" என்றார். கன்னியம்மா முந்தானையை அவிழ்த்தாள். டாக்டர் பொட்டலத்தைப் பார்த்தார், மல்லிகாவின் தோளைப் பார்த்தார், வேறு கேள்வி கேட்கவில்லை. குழந்தையை உள்ளே தூக்கிப் போனார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். கதவிடுக்கில் நான் பார்த்தேன். குழாயிலிருந்து கிண்ணத்துக்கு இறங்கிய தண்ணீர் வெளிர் நீலமாக இருந்தது. நாள்தோறும் நான் செய்கிற வேலைதான் அது. அதைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெளியே வந்த டாக்டர், "உள்ள இருந்தத முடிஞ்ச வரைக்கும் எடுத்தாச்சு. ரத்தத்துல எவ்ளோ போயிருக்குன்னு தெரியல. கிட்னியத்தான் பாக்கணும். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். யூரின் போறாளா, என்ன கலர்ல போறான்னு அங்க பாப்பாங்க" என்றார். கருப்பாகவோ சிவப்பாகவோ போனால் என்ன அர்த்தம் என்று மல்லிகா கேட்டாள். டாக்டர் குனிந்து சீட்டு எழுதினார். என்னைப் பார்த்து, "நீங்க துப்பிட்டீங்கல்ல? நல்லா வாய் கொப்பளிங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். எனக்கு வந்த வயிற்றுவலி அந்த நிமிஷமே நின்றது.

செங்கல்பட்டில் குழந்தையை வார்டுக்குள் கொண்டுபோனார்கள். கன்னியம்மா வார்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். தெய்வசிகாமணி உள்ளே வரவே இல்லை. எதிரில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் வெறும் மண்ணில் உட்கார்ந்தார். மகனுடைய கம்பெனிக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். அவன் வந்தால் என்ன சொல்வது என்ற பயமும் அவருக்கு இருந்திருக்கும். டீ வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பாய் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். காலை நாஷ்டா கூட முழுசாகச் சாப்பிடவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "செம்புன்னு எப்டிண்ணா கண்டுபுடிச்சீங்க? பச்சத் தண்ணியில கலரு தெரியாதே" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வாய வெச்சி இழுத்தேன் பாய்."

பாய் என்னையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "எத்தினி தபா சொல்லிக்கினு கீறேன், வெக்காதீங்கன்னு" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். தலையைக் குனிந்து, என் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினார். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் யாராவது எங்களைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம், கூப்பிடாமலே இருந்துவிடுவார்களோ என்றும் பயம்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மல்லிகா வெளியே ஓடி வந்தாள். அழுதுகொண்டிருந்தாள். "போய்ட்டாண்ணா" என்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒண்ணுக்குப் போய்ட்டாண்ணா. மஞ்சளாத்தான் போறா. நர்ஸம்மா நல்லதுன்னு சொன்னாங்க. மாமா கிட்ட சொல்லுங்கண்ணா" என்றாள்.

நான் மரத்தை நோக்கி ஓடினேன். ஓடி வருகிறவனைப் பார்த்ததும் தெய்வசிகாமணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார். எவ்வளவு கூப்பிட்டும் கையை எடுக்கவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து, கையைப் பிடித்து இழுத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஐயா, பாப்பா ஒண்ணுக்குப் போய்ட்டா. மஞ்சளா."

"மஞ்சளாவா?"

"மஞ்சளாத்தான்யா."

"நீ பாத்தியா?"

"மல்லிகா பாத்துச்சி."

அவ்வளவு பெரிய மனிதர் என் தோளில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மஞ்சள் காமாலை வருகிறதா என்று பார்க்க மேலும் சில நாள் அவளை வைத்திருந்து அனுப்பினார்கள். ஒன்றும் வரவில்லை. அதற்குள் நான் அந்தத் தொட்டியைக் காலி செய்தேன். அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்றே பயமாக இருந்தது. வழக்கமாக அவர்கள் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவார்கள், இல்லாவிட்டால் மல்லிச் செடிக்கு. கிணற்றுக்கும் மாட்டுக்கும் தூரமாகக் கன்னியம்மா குழி வெட்டிக் கொடுத்தாள். அதில் ஊற்றி மூடினோம்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வீட்டுக்கு வந்த குழந்தை மீன் எங்கே என்று அழுததாம். மறுபடியும் இரண்டு தங்க மீன் விட்டோம். சில மாதம் கழித்து, வழக்கமான சுத்தத்துக்குப் போனேன். அதே ஜன்னல், அதே வெயில். கண்ணாடி முழுவதும் பச்சை. பவித்ரா முக்காலியில் ஏறி, உள்பக்கம் கையை விட்டு ஒரு வட்டம் துடைத்து வைத்து, அதற்குள் மூக்கை வைத்து மீன் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்து குழாயைப் பிடித்தாள்.

"சொரண்டி வுட்றவாய்யா?" என்று கேட்டேன்.

"வாணாம்பா" என்றார் தெய்வசிகாமணி. "பாசிதான. இருந்துட்டுப் போவட்டும்."

சரி என்று வாளியை எடுத்தேன். எடுத்தவன் நின்றேன். கேட்காமல் போக மனம் வரவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு ஈசிசேரிலிருந்து எழுந்து வந்தார். முட்டி போட்டு, ஸ்டாண்டின் துணித் திரையைத் தூக்கி, கீழ்த்தட்டை எனக்குக் காட்டினார். தீனி டப்பா ஒன்று மட்டும் இருந்தது.

"ஒண்ணும் போடல, ஏகாம்பரம்" என்றார். "மீதியும் இல்ல."